வருஷத்துக்குப் பத்து நாள் திறக்கிற வீடு!

கடலைப் பார்த்த பால்கனி, நூறு வருஷத்து மர மாடிப்படி, காலையில ஜன்னலைத் திறந்தா அலைச் சத்தம், தட்டுல சுடச்சுட மீன் வறுவல்... 'ஹெரிடேஜ் பீச் வில்லா'ன்னு சொன்னதும் நம்ம மனசுல ஓடுற படம் இதானே ஃப்ரெண்ட்ஸ்? அப்படி ஒரு வீட்டுல நாலு நாள் ஓசியில தங்கிட்டு வந்திருக்கேன். பத்து பைசா வாடகை கிடையாது. பதிலுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டை அளந்து பிளான் போட்டுக் கொடுக்கணும்!

எனக்கு ஊர் ஆழ்வார்திருநகரி. தாமிரபரணிக்குத் தென்கரை, நம்மாழ்வார் பிறந்த ஊர், நவதிருப்பதியில ஒண்ணு. கோயிலுக்குள்ள உறங்காப்புளி இருக்கு, கல்லுல செஞ்ச நாதஸ்வரம் இருக்கு. படிக்கிறது சிவில் இன்ஜினீயரிங், ரெண்டாம் வருஷம் முடிச்சாச்சு. ஹாஸ்டல்ல என் ரூம்மேட் மணப்பாட்டுக்காரன். அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. அதனால இந்தக் கட்டுரையிலயும் அவன் பேரு மாப்ளதான்.

மே மாசம், செமஸ்டர் லீவு. "மாப்ள, எங்க பாட்டி வீட்டை விலைக்குக் கேட்டு சென்னையிலேர்ந்து ஒரு பார்ட்டி வந்திருக்கு. ஹெரிடேஜ் வில்லாவாக்கப் போறாங்களாம். வீட்டுக்குச் சரியான பிளானே இல்ல. நீதான் சிவில்லாச்சே, வந்து அளந்து குடு"ன்னான். இன்ஜினீயரிங் சேர்ந்ததுலேர்ந்து என்னை ஒருத்தர் இன்ஜினீயரா மதிச்சது அதுதான் முதல் தடவை. உடனே கிளம்பிட்டேன்ல!

ஆறும் கடலும்

எங்க ஊருக்கும் மணப்பாட்டுக்கும் ரொம்ப தூரம் இல்ல. திருச்செந்தூர் வரைக்கும் ரயில், அங்கேயிருந்து குலசேகரன்பட்டினம் வழியா பஸ். ஆனா ஆத்துக்காரங்களான நாங்க கடலை மாசி, ஆவணித் திருவிழாவுக்கும் குலசை தசராவுக்கும் போறப்பதான் பார்ப்போம். கடல்கிட்ட ஒரு குளியல், ஒரு போட்டோ, திரும்பி பஸ். கடலோரத்துல ஒரு ஊர் காலையில எப்படி எந்திரிக்குது, ராத்திரி எப்படித் தூங்குதுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் கண்ணுல படுறது மணல் குன்று. அதுக்கு மேல கடலைப் பார்த்தபடி திருச்சிலுவை ஆலயம், 1581-ல கட்டினது. பக்கத்துல லைட்ஹவுஸ். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ல இந்தக் கரைக்கு வந்தப்போ தங்கினதாச் சொல்ற குகையும் அங்கேதான். மணிரத்னத்தோட 'கடல்' படத்தை (2013) இந்த ஊர்லதான் எடுத்தாங்கன்னு சொன்னா உங்களுக்கு டக்குனு அடையாளம் தெரியும்.

ஆனா என்னை நிறுத்தினது குன்று இல்ல, தெரு. ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மாடி வீடுங்க. வளைவு ஜன்னல், தூண் வச்ச வராண்டா, கலர் கண்ணாடி. நிறைய கதவுல பூட்டு!

"எல்லாரும் எங்கடா?"

"சென்னை, தூத்துக்குடி, மஸ்கட், கனடா. செப்டம்பர்ல சிலுவைத் திருவிழா வரும்ல, அப்போ வந்து பாரு. எல்லாப் பூட்டும் திறக்கும். பத்து நாள். 14-ம் தேதி திருவிழா முடிஞ்சதும் திரும்பப் பூட்டு."

எனக்குச் சுருக்குனு இருந்தது. ஏன்னா எங்க ஊர் மாடவீதியும் இதே கதைதான். வைகாசி கருடசேவைக்கு ஒன்பது திருப்பதிப் பெருமாளும் ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருள்வாங்க. அப்போ பெங்களூரு, மும்பைலேர்ந்தெல்லாம் சொந்தக்காரங்க வந்து பூட்டைத் திறப்பாங்க. ஒட்டடை அடிச்சு, கோலம் போட்டு, வீடு கலகலன்னு இருக்கும். உற்சவம் முடிஞ்சா அதே பூட்டு. ஆத்தங்கரையில பெருமாளுக்குத் திறக்குது, கடற்கரையில சிலுவைக்குத் திறக்குது. வித்தியாசம் அவ்வளவுதான்!

கொழும்புத் துட்டு, பர்மா தேக்கு

மாப்ளையோட வீட்டைக் கட்டினது அவன் தாத்தாவோட அப்பா. கொழும்புல வியாபாரம். அந்தக் காலத்துல தூத்துக்குடிலேர்ந்து கொழும்புக்குக் கப்பல் ஏறுறது நமக்குச் சென்னைக்கு பஸ் ஏறுற மாதிரி. 1914-ல தனுஷ்கோடி வழி திறக்கிறதுக்கு முன்னாடி சென்னை 'போட் மெயில்' வந்து நின்னதே தூத்துக்குடியிலதான். வ.உ.சி. 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சதும் இந்தக் கொழும்பு ரூட்டுக்குத்தானே!

இப்போ அந்த வீட்டுல இருக்கிறது பாட்டி மட்டும்தான். வயசு எண்பதைத் தாண்டியாச்சு. மாடி ஏற மாட்டாங்க. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எய்யா, கடல் மீன் சாப்புடுவியா?" ரெண்டாவது கேள்வி, "எத்தன துண்டு?" மூணாவது கேள்வியே வரல, சட்டியே வந்துடுச்சு!

மறுநாள் காலையில டேப்பை எடுத்தோம். கீழ் சுவர் அகலம் 60 சென்டிமீட்டர். நம்ம இப்போ கட்டுற வீட்டுச் சுவர் 23 சென்டிமீட்டர்தான். மேல்தளம் 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு உத்தரத்து மேல மெல்லிய செங்கலைக் குத்தவச்சு அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு இறுக்கின தளம். ஒரு கம்பி கிடையாது, ஒரு மூட்டை சிமென்ட் கிடையாது. நூறு வருஷமா உப்புக்காத்துல நிக்குது.

பின்பக்கம் 1980-கள்ல மாப்ளையோட பெரியப்பா காங்கிரீட்ல ஒரு சமையல்கட்டும் பாத்ரூமும் சேர்த்திருக்கார். அதோட சீலிங்கைப் பார்க்கணுமே... சிமென்ட் பெயர்ந்து, துருப்பிடிச்ச கம்பி எலும்புக்கூடு மாதிரி வெளியே தெரியுது! தாத்தா கட்டினது நிக்குது, பேரன் காலத்துக் கட்டடம் உதிருது. ஏன்?

எக்ஸாமுக்கு மட்டும் படிச்சு மறந்த பாடம் அன்னைக்குத்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. கடல் காத்துல இருக்கிற உப்பு காங்கிரீட்டுக்குள்ள மெதுவா இறங்கும். கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கும். துரு, இரும்பை விட ரெண்டு மடங்குக்கும் மேல இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? அதனால காங்கிரீட்டைப் பிளந்துக்கிட்டு வெளியே வரும். பழைய சுவர்ல கம்பியே இல்ல, துருப்பிடிக்க எதுவும் இல்ல. சுண்ணாம்போ இன்னும் கெட்டிக்காரன். சிப்பியைச் சுமார் 900 டிகிரியில சுட்டு, தண்ணி ஊத்தித் தாளிச்சு, சுவர்ல பூசினா, அது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து மறுபடியும் கல்லாயிடும். ஈரம் பட்டாலும் உள்ளே பிடிச்சு வச்சுக்காது, காத்துல விட்டுடும்.

ஆனா அதுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. ஜன்னல் திறந்திருக்கணும்! பாட்டி புழங்குற கீழ் ரூம்கள் சுவர் காய்ஞ்சு பளிச்னு இருக்கு. பூட்டியே கிடக்கிற மாடி ரூம்ல உப்புப் பூத்து, சுவர் பொரிப்பொரியா உதிருது. ஒரே வீடு, ஒரே சுண்ணாம்பு. ஒரு பக்கம் ஆள் இருக்கு, இன்னொரு பக்கம் இல்ல.

இதை நான் எங்க ஊர்லயும் பார்த்திருக்கேன். 2023 டிசம்பர் 17, 18-ல தென் மாவட்டத்தையே புரட்டிப் போட்டுச்சே மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்! அப்போ நான் பிளஸ் டூ. தாமிரபரணி எங்க தெருவுக்குள்ளேயே வந்துடுச்சு. வெள்ளம் வடிஞ்சதும் நாங்க சேறள்ளி, கதவு ஜன்னலைத் திறந்து போட்டு வீட்டைக் காயவச்சோம். ரெண்டு வீடு தள்ளி ஒரு பூட்டின வீடு. திறக்க ஆள் இல்ல. தண்ணி உள்ளேயே நின்னுச்சு. பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள் ராத்திரி 'தொம்'முனு ஒரு சத்தம், பின்சுவர் விழுந்துடுச்சு. 'ஆள் இல்லாத வீடு செத்துப்போகும்'னு எங்க ஆச்சி சொல்றப்போ சென்டிமென்ட்டுனு நினைச்சிருக்கேன். அது பக்கா இன்ஜினீயரிங்!

முடுக்கு வழியா ஒரு ஊர்

நாலு நாளும் காலையில எங்களை எழுப்பினது அலாரம் இல்ல. வீட்டை ஒட்டி ஒரு முடுக்கு, தெருவையும் கடற்கரையையும் சேர்க்கிற சந்து. விடியறதுக்கு முன்னாடியே அதுல காலடிச் சத்தம், பேச்சுச் சத்தம், ஐஸ் பெட்டி இழுக்கிற சத்தம். ரெண்டாம் நாள் நாங்களும் பின்னாடியே போனோம்.

கரையில ஃபைபர் படகுங்க வந்து ஏறுது. வலையை உதறினா சாளை வெள்ளிக்காசா கொட்டுது. நிமிஷத்துல ஏலம்! ஏலம் விடுறவர் பேசுற வேகத்துக்கு ஐ.பி.எல். கமென்டேட்டர்லாம் பக்கத்துலயே வர முடியாது. விலை எகிறும்போது படகுக்காரர் முகத்தைப் பார்க்கக் கூடாது, விழும்போது பார்க்கவே கூடாது. டீசல் காசு வரலைன்னா அன்னைக்குப் போன பாடு வீண்.

வலை தைச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர், "எந்த ஊரு தம்பி?"ன்னார். ஆழ்வார்திருநகரின்னேன்.

"ஓ, ஆத்துக்காரப் பயலா? உங்க ஆறுதாம்ல கொற்கைய மூடிச்சு!"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், ஆனா விஷயம் நிஜம். பாண்டியர் முத்துத் துறைமுகமான கொற்கை இன்னைக்குக் கடலை விட்டு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கு, சுத்தி வாழைத்தோட்டம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிடுச்சு. துறைமுகம் பழையகாயலுக்கு இடம் மாறுச்சு, அப்புறம் தூத்துக்குடிக்கு. முத்துக்குளிப்பும் 1961-க்கு அப்புறம் நின்னுபோச்சு. "கடலு தள்ளிப் போனா நாங்களும் தள்ளிப் போவோம், எங்களுக்குப் பாதை மட்டும் விட்டா போதும்"னார் பெரியவர். அந்தக் கடைசி வார்த்தையை அவர் ஏன் சொன்னார்னு மத்தியானம்தான் புரிஞ்சுது.

மத்தியானம் பாட்டி வீட்டு வராண்டாவுல ஒரு கூட்டம் கூடும். அக்கம்பக்கத்து அக்காக்கள், சித்திகள், சாயம் போட்ட பனை ஓலையோட வருவாங்க. மணப்பாட்டு ஓலைப் பெட்டி ரொம்ப ஃபேமஸ். பச்சை, சிவப்பு, மஞ்சள்னு ஓலைக்கீத்து விரலுக்கு நடுவுல ஓடுற ஸ்பீடு இருக்கே... நானும் ட்ரை பண்ணி ஒண்ணு முடைஞ்சேன். "தம்பி, இது பெட்டியா, இல்ல பெட்டி மேல பஸ் ஏறிடுச்சா?"ன்னு ஒரு அக்கா கேட்டுட்டாங்க! இந்த வராண்டாவுல ஏன் கூடுறீங்கன்னு கேட்டேன். "இங்கதாம்பா சோழகக்காத்து நேரா வரும். ஓலையும் காயும், நாங்களும் காய்வோம்." தெற்கேயிருந்து வர்ற காத்துதான் சோழகம். வீட்டைக் கட்டினவர் அந்தக் காத்துக்காகத்தான் வராண்டாவையே அந்தப் பக்கம் வச்சிருக்கார்.

மூணாவது நாள், பார்ட்டி அனுப்பின வரைபடத்தை மாப்ள போன்ல காட்டினான். பார்க்க செம கலக்கல்! மாடியில ஆறு ரூம், கொல்லையில நீச்சல் குளம், சுவர் முழுக்க சிமென்ட் பூச்சு, வெள்ளைப் பெயின்ட். வீட்டைச் சுத்தி எட்டடி காம்பவுண்ட். அந்த காம்பவுண்ட், முடுக்கையும் சேர்த்து உள்ளே வாங்கியிருந்தது! மாப்ள வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தான். முடுக்கு நிலமும் அவங்க வீட்டு எல்லைக்குள்ளதான் இருக்கு. ஊரே நடக்குது, ஆனா பாதைன்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல. சட்டப்படி வித்தா அதுவும் சேர்ந்தே போகும்.

வில்லாவா, வீடா?

ஹெரிடேஜ் ஹோட்டல்னாலே தப்புன்னு நான் சொல்ல வரல. தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க 1620-ல கட்டின கோட்டைக்குப் பக்கத்துலயே, பிரிட்டிஷ் காலத்து கலெக்டர் பங்களாவை நீம்ரானா நிறுவனம் புதுப்பிச்சு ஹோட்டலாக்குச்சு. இடிஞ்சு போயிருக்க வேண்டிய கட்டடம் பிழைச்சுது. செட்டிநாட்டுலயும் பல அரண்மனை வீடுகளைக் காப்பாத்தினது டூரிஸ்ட்டுதான். காசு இல்லாம சுண்ணாம்பு அடிக்க முடியாது, தேக்கு உத்தரம் மாத்த முடியாது. அதைவிட, இந்தக் கரையோட நிலவரமே மாறுது. 2024 பிப்ரவரியில குலசேகரன்பட்டினத்துல இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினதுலேர்ந்து, நிலத்தை விசாரிச்சு வர்ற காருங்க ஜாஸ்தின்னு டீக்கடையில பேசிக்கிறாங்க. பாட்டிக்கு அப்புறம் அந்த வீட்டுல யார் இருப்பான்னு கேட்டா மாப்ளகிட்டயே பதில் கிடையாது.

ஆனா கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அந்த வீட்டுல எது ஹெரிடேஜ்? கலர் கண்ணாடியா? தேக்குப் படியா? அதெல்லாம் இருக்கட்டும். விடியக்காலை முடுக்குல கேட்கிற காலடிச் சத்தமும், மத்தியானம் வராண்டாவுல காயுற ஓலையும் போயிட்டா, மிச்சம் இருக்கிறது ஒரு நல்ல கட்டடம், அவ்வளவுதான். 'கிராமத்து வாழ்க்கையைப் பாருங்கள்'னு விளம்பரம் போட்டுட்டு, அந்தக் கிராமம் நடக்கிற பாதையை எட்டடி சுவரால மறைச்சா, வர்ற விருந்தாளி பார்க்கப் போறது எதை?

நாலாவது நாள் ராத்திரி குடும்ப மீட்டிங். பாட்டி நாற்காலியில, பெரியப்பா, அத்தை, மாமா எல்லாரும் போன் வீடியோவுல. ஒருத்தருக்கு வீட்டுக்கடன், ஒருத்தருக்குப் பொண்ணு கல்யாணம். யாரையும் வில்லன்னு சொல்ல முடியாது. பிளானை விளக்கச் சொல்லி என்னை உட்கார வச்சாங்க. வைவா எக்ஸாமை விட டென்ஷன்! நான் மூணு விஷயம் சொன்னேன். ஒண்ணு, பழைய பகுதி இன்னும் ஸ்ட்ராங், அவசரமா ரிப்பேர் பண்ண வேண்டியது பின்பக்கத்துக் காங்கிரீட்தான். ரெண்டு, சுண்ணாம்புச் சுவர்ல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளே மாட்டிக்கிட்டு சுவரே கெடும். மூணு, விக்கிறது மட்டும்தான் வழின்னு இல்ல. 2019-ல வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில, கடலோரத்து மக்கள் தங்களோட வீட்டை, அடித்தளப் பரப்பையும் முகப்பையும் மாத்தாம 'ஹோம் ஸ்டே'யா நடத்த இடம் இருக்கு. முறையா அனுமதி வாங்கணும், அவ்வளவுதான்.

"ரெண்டு ரூம் வாடகையில என்ன வந்துடும்?"னார் பெரியப்பா. நியாயமான கேள்வி. யாரும் உடனே பதில் சொல்லல. அதுவரைக்கும் பேசாம இருந்த பாட்டி வாயைத் திறந்தாங்க. "வீட்ட விக்கணும்னா வித்துக்கோங்கய்யா. எனக்கப்புறம் உங்க இஷ்டம். ஆனா முடுக்க விக்காதீங்க. உங்கப்பன் செத்தன்னைக்கு ஊரே அந்த வழியாத்தான் வந்துச்சு."

போன்ல ரொம்ப நேரம் சத்தமே இல்ல.

கடைசியில முடிவானது இதுதான். ஒரு வருஷம் விற்பனைப் பேச்சு கிடையாது. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பின்பக்கத்தை ரிப்பேர் பண்றது, மாடியில ரெண்டு ரூமை மட்டும் திறக்கிறது. சமையலுக்கும் கவனிப்புக்கும் வராண்டா அக்காக்கள்லயே ரெண்டு பேரைக் கேட்கிறது. வீடு என்ன ஆனாலும், முடுக்கைப் பொதுவழின்னு முறைப்படி எழுதி வைக்க வக்கீலைப் பார்க்கிறது. ஒரு வருஷத்துல கணக்கு ஒத்து வரலைன்னா திரும்ப உட்கார்ந்து பேசுறது. சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி இல்லதான். ஆனா ஒரு நிஜக் குடும்பத்துக்கு இதுவே பெரிய முடிவு.

ஃப்ரெண்ட்ஸ், உங்க தாத்தா பாட்டி ஊர்லயும் இப்படி ஒரு பூட்டின வீடு இருக்கும். அடுத்த லீவுக்குப் போனா செல்ஃபியோட நிறுத்திடாதீங்க. முதல்ல எல்லா ஜன்னலையும் திறந்து விடுங்க. கடையில ஒரு டேப் வாங்கி, ரூம் ரூமா அளந்து ஒரு வெள்ளைத்தாள்ல வரைங்க. சிவில் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல. சுவர் எதால கட்டினதுன்னு கேளுங்க. அந்த வீட்டுத் திண்ணையில யார் யார் உட்காருவாங்க, வீட்டை ஒட்டி யார் யார் நடப்பாங்கன்னும் கேட்டு எழுதி வைங்க. பத்திரத்துல இல்லாத விஷயங்களை நாமதான் எழுதி வைக்கணும்.

நான் போட்டுக் கொடுத்த பிளான்ல வராண்டாவுக்குக் கீழே 'ஓலை வேலை நடக்கும் இடம்'னு எழுதியிருக்கேன். வீட்டுக்கு வடபுறம் ரெண்டு கோடு போட்டு, நடுவுல 'முடுக்கு, 2.1 மீட்டர், கடற்கரைக்குப் பொதுவழி'. மாப்ள அதை லேமினேட் பண்ணிக் கூடத்துல மாட்டியிருக்கானாம்!